"அக்கா, சத்தமே வரலை": ஒலிப்பதிவு வகுப்பில் வரும் கோளாறுகளும் தேடும் வழியும்

சென்னையில் ஒரு ஒலிப்பதிவுப் படிப்பில் பயிற்சி அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பகலில் வகுப்பு நடக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் அறைகள் மாணவர்கள் கையில் போய்விடும். அப்புறம் என் போன் ஓயாது. சத்தம் வரவில்லை, சத்தம் உறுமுகிறது, நேற்று எடுத்த பாட்டு இன்றைக்கு வேறு சுருதியில் கேட்கிறது. இத்தனை வருடத்தில் புதிதாக ஒரு கோளாறு வந்தது அபூர்வம். அதே பத்துதான் ஆள் மாற்றி ஆள் வரும். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். எனக்குப் போன் போடுவதற்கு முன் உங்கள் கோளாறு இதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தேடத் தொடங்கும் முன்

பாடுபவரின் வாயிலிருந்து ஸ்பீக்கர் வரை சத்தம் போகும் வழியை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். எங்கள் அறையில் அது இப்படி: மைக், கேபிள், சுவர்ப் பெட்டி, பேட்ச் பே, ப்ரீஆம்ப், இன்டர்ஃபேஸ், மென்பொருளின் இன்புட், ட்ராக், மாஸ்டர், மானிட்டர் கன்ட்ரோலர், ஸ்பீக்கர். பதினோரு நிறுத்தம். (பேட்ச் பே: கேபிளை மாற்றிச் செருகும் துளைப் பலகை. ப்ரீஆம்ப்: மைக்கின் மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி. இன்டர்ஃபேஸ்: அதை எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்குத் தரும் பெட்டி.) மைக்கில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தால் உங்கள் ஸ்லாட் முடிந்துவிடும். நடுவில் போய் நில்லுங்கள். ப்ரீஆம்பின் மீட்டர் ஆடுகிறதா? ஆடினால் அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் சரி. ஆடாவிட்டால் கம்ப்யூட்டர் பக்கம் போகவே வேண்டாம். பாதி வழி கழிந்தது. மிச்சப் பாதியையும் இதே மாதிரி வெட்டுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மைக்கையும் கேபிளையும் சேர்த்து மாற்றினால் சத்தம் வந்துவிடும்தான். ஆனால் எது கெட்டது என்று தெரியாமல் இரண்டும் பழைய இடத்துக்கே போகும், நாளைக்கு இன்னொருவர் அதே கேபிளை எடுத்து மாட்டுவார்.

சத்தமே வரவில்லை

ப்ரீஆம்ப் மீட்டர் அசையாமல் கிடந்தால், கையில் இருப்பது என்ன மைக் என்று பாருங்கள். கன்டென்ஸர் மைக்குக்கு 48 வோல்ட் போக வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்தாமல் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்ப்பதுதான் முதல் மாதத்தின் வழக்கம். எஸ்.எம். 58 மாதிரியான டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட் தேவையில்லை, போனாலும் கெடாது. ரிப்பன் மைக் கதை வேறு. 48 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்ச் பேயில் கேபிளைச் செருகினால், செருகும் அந்த நொடியில் இரண்டு கம்பிகளுக்கும் மின்னழுத்தம் ஒன்றுபோலப் போய்ச் சேராது. உள்ளே தொங்கும் மெல்லிய அலுமினியப் பட்டை இழுபட்டுப் போகலாம். எனவே முதலில் 48 வோல்ட்டை அணையுங்கள், அரை நிமிடம் பொறுங்கள், அப்புறம் பேட்ச் செய்யுங்கள். ரிப்பன் மைக் எடுக்கும் அன்று மட்டுமில்லை, எப்போதும்.

48 வோல்ட் இருக்கிறது, சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்கிறது என்றால் மைக் திரும்பி நிற்கிறது. பெரிய கன்டென்ஸர் மைக்குகளுக்கு உச்சியில் வாய் கிடையாது, பக்கவாட்டில்தான் கேட்கும். பெரும்பாலும் கம்பெனி முத்திரை இருக்கும் பக்கமே முகம். அது பாடுபவரைப் பார்க்க வேண்டும்.

மைக்கும் சரி என்றால் பேட்ச் பேயைப் பாருங்கள். ஒன்றுமே செருகாவிட்டால் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்குத் தானாகவே இணைப்பு இருக்கும். கீழ் வரிசைத் துளையில் யாராவது ஒரு கேபிளைச் செருகிவிட்டுப் போயிருந்தால் அந்த இணைப்பு அறுந்துவிடும். மறுமுனை எங்கும் மாட்டாமல் தொங்கினாலும் அறுந்ததுதான். முந்தைய ஸ்லாட்காரர்களின் நினைவுச்சின்னம் என்று நாங்கள் இதைச் சொல்வோம்.

ப்ரீஆம்ப் ஆடுகிறது, ட்ராக் ஆடவில்லை என்றால் பெரும்பாலும் எண் குழப்பம்: கம்பி மூன்றாம் இன்புட்டில், ட்ராக் முதலாம் இன்புட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும். ட்ராக்கும் ஆடுகிறது, ஸ்பீக்கர்தான் பேசவில்லை என்றால், முதலில் திரைக்கு வெளியே எங்கோ ஒரு ட்ராக்கில் சோலோ (அந்த ட்ராக்கை மட்டும் கேட்கவைக்கும் பொத்தான்) அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மானிட்டர் கன்ட்ரோலரில் ம்யூட். கடைசியாக ஸ்பீக்கரின் பின்பக்கத்து சுவிட்ச். சிரிக்காதீர்கள். வெளியிலிருந்து வந்த ஒரு பாடகியை முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டு நான் கண்டுபிடித்தது அந்த சுவிட்சைத்தான். ஸ்பீக்கருக்குப் பின்னால் தரை துடைத்தவர் கை பட்டிருக்கிறது.

உறுமல், ரீங்காரம்

காதை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம். ஆழமாக, ஒரே சீராக "ம்ம்ம்" என்றால் அது நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். ஈ பறப்பது போல "ஜ்ஜ்ஜ்" என்றால் ஃபேன் ரெகுலேட்டர், விளக்கு டிம்மர், மலிவான சார்ஜர். "ஸ்ஸ்ஸ்" என்று மழைபோல் இருந்தால் கெயின் (ப்ரீஆம்ப் சத்தத்தைப் பெரிதாக்கும் திருகு) அளவுக்கு மேல் திறந்திருக்கிறது, அல்லது மைக் பாடுபவரை விட்டு வெகுதூரத்தில் நிற்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

"ம்ம்ம்" பெரும்பாலும் எர்த் சுழல். லேப்டாப் ஒரு பிளக்கில், கீபோர்டு இன்னொரு பிளக்கில், இரண்டுக்கும் நடுவே ஆடியோ கேபிள். எர்த் இரண்டு வழியாகப் போய் ஒரு வளையமாகிவிடுகிறது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் உடனே நின்றால் குற்றவாளி அதுதான். எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுங்கள். போதவில்லை என்றால் கீபோர்டுக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவே ஒரு டிஐ பாக்ஸ் (கருவியின் சத்தத்தை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) வைத்து அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். அந்தப் பொத்தான் ஆடியோ கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிக்கும். மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை உடைத்துவிட்டால் உறுமல் போகும் என்று யாராவது சொன்னால், போகும். கூடவே ஆளும் போகலாம். பாடகர் உதடு மைக்கின் உலோக வலையில் படுகிறது, கை வேறொரு கருவியில் இருக்கிறது. அந்த முள் இருப்பதே அவருக்காகத்தான்.

"ஜ்ஜ்ஜ்" வந்தால் ஃபேனை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அப்புறம் அறை விளக்கு. கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடுகிறது என்றால் முக்கியமான டேக் எதையும் எடுக்காமல் டீ குடிக்கப் போய்விடுங்கள். பிக்கப் வைத்த வயலினிலோ கிட்டாரிலோ கம்பியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைந்தால் கருவிக்குள் கவசம் போதவில்லை. தொட்டவுடன் கூடினால் எர்த்தில் கோளாறு. அப்போது வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.

ஹெட்போனில் தன் குரல் பின்னால் வருகிறது

பாடுபவர் திணறுவார், தாளம் பின்வாங்கும், அவர் தன்னையே குறை சொல்லிக்கொள்வார். தப்பு அவருடையதில்லை. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலி அலையை நொடிக்கு 48,000 முறை அளந்து சாம்பிள் எடுக்கும்போது, பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தரம் சேர்த்து எடுக்கும் சாம்பிள் கட்டு) 1024 என்று வைத்திருந்தால் உள்ளே போக 21 மில்லி நொடி, வெளியே வர இன்னொரு 21. ஒலி ஒரு மில்லி நொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். அப்படியானால் அவர் தன் குரலைப் பதினான்கு மீட்டர் தள்ளி நின்று கேட்கிறார். பஃபரை 128-க்குக் குறைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லி நொடிதான். அப்போதும் உறுத்தினால் மாஸ்டரில் ஒரு லிமிட்டரோ (சத்தத்தின் உச்சத்தை அடக்குவது), லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ (கீழ், மேல் சத்தங்களை ஏற்றி இறக்கும் ஒரு வகை) போட்டு வைத்திருப்பீர்கள். அவை முன்கூட்டிப் பார்த்து வேலை செய்பவை, நேரம் கேட்கும். பதிவு முடியும்வரை அணைத்து வையுங்கள்.

இன்டர்ஃபேஸிலேயே நேரடி மானிட்டர் வசதி இருந்தால் அதுதான் நிம்மதி. ஆனால் அதைத் திறந்துவிட்டு மென்பொருளின் மானிட்டரை மூட மறந்தால் ஒரே குரல் இரண்டு முறை வரும், தகர டப்பாவுக்குள் பாடுவது போல. இரண்டில் ஒன்றுதான் திறந்திருக்க வேண்டும்.

டிக், பட், கரகர

முதல் சோதனை: அதே இடத்தை இரண்டு முறை போட்டுக் கேளுங்கள். டிக் அதே அட்சரத்தில் வந்தால் அது ஃபைலுக்குள் பதிந்துவிட்டது. இடம் மாறி மாறி வந்தால் ஃபைல் நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டர்தான் மூச்சு வாங்குகிறது. இரண்டாவதற்கு பஃபரை 1024 ஆக்குங்கள், பிரவுசரையும் வைஃபையையும் அணையுங்கள், இன்டர்ஃபேஸை ஹப் வழியாக இல்லாமல் நேராக மாட்டுங்கள். மிக்ஸிங் நேரத்தில் தாமதம் யாரையும் தொந்தரவு செய்யாது.

ஃபைலுக்குள் இருந்தால் இரண்டு காரணம். வெட்டி ஒட்டிய இடத்தில் மட்டும் வருகிறது என்றால் அலை பூஜ்யத்தில் இல்லாதபோது வெட்டியிருக்கிறீர்கள். இரண்டு துண்டும் சேரும் இடத்தில் ஐந்து பத்து மில்லி நொடிக்கு ஒரு கிராஸ்ஃபேட் (ஒன்று இறங்க இறங்க மற்றது ஏறும் இணைப்பு) போட்டால் தீர்ந்தது. வெட்டாத இடத்திலும், சில நொடிக்கு ஒரு தரம் கடிகாரம் மாதிரி வருகிறதா? அது உண்மையிலேயே கடிகாரப் பிரச்சினை. ஆப்டிகல் கேபிளில் இன்னொரு ப்ரீஆம்ப் பெட்டியைச் சேர்த்திருப்பீர்கள். இரண்டு பெட்டியும் தன் தன் கணக்கில் சாம்பிள் எண்ணுகின்றன. ஒன்றுதான் தலைமை, மற்றது அதைப் பின்தொடர வேண்டும். அமைப்பில் கிளாக் சோர்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள். பதிந்துபோன டிக்கை எடுக்கும் மென்பொருள் இருக்கிறதுதான். இருபது இடம் என்றால் செய்யலாம். இருநூறு இடம் என்றால் பாடகரைத் திரும்பக் கூப்பிடுவதுதான் மலிவு.

சுருதி மாறிவிட்டது

இது எனக்குப் பிடித்த கோளாறு, ஏனென்றால் சொல்லும்போதே விடை தெரிந்துவிடும். ஐந்தரைக் கட்டையில் பாடியது ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது, நாலு நிமிடப் பாட்டு மூணு நிமிடம் நாற்பது நொடியில் முடிகிறது என்றால் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைலை 48-இல் ஓட்டுகிறீர்கள். சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு உள்ள இடைவெளி ஒரு செமிடோன்) ஏறும், வேகம் நூற்றுக்கு ஒன்பது பங்கு போலக் கூடும். தலைகீழாக, கனத்து இழுத்து நாலு நிமிடம் இருபது நொடிக்குப் போனால் 48-ஐ 44.1-இல் ஓட்டுகிறீர்கள்.

ஏன் இரண்டு கணக்கு? ஆரம்ப காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில் பதிந்தார்கள். வீடியோவின் ஒரு கோட்டில் மூன்று சாம்பிள், பயன்படும் கோடுகள் 294, நொடிக்கு 50 ஃபீல்டு. பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். 1982-இல் வந்த சிடி அதையே எடுத்துக்கொண்டது. சினிமாவும் வீடியோவும் 48-இல் நின்றன. கோடம்பாக்கத்துப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் இரண்டிலும் மாறி மாறி உட்கார வேண்டியிருப்பதால் இந்தக் குழப்பம் நமக்குக் கொஞ்சம் அதிகம்.

தீர்வுக்கு பிட்ச் ஷிஃப்ட் பக்கமே போகாதீர்கள். ஃபைலை மறுபடி இம்போர்ட் செய்யும்போது கன்வர்ட் செய்யச் சொல்லுங்கள், அவ்வளவுதான். பதியும்போதே இன்டர்ஃபேஸ் 48-இல் ஓடி, ஃபைல் மட்டும் தன்னை 44.1 என்று சொல்லிக்கொண்டால் முதலில் அந்தப் பொய்யைத் திருத்த வேண்டும்: ஃபைலின் சாம்பிள் ரேட்டை, எதையும் கன்வர்ட் செய்யாமல், 48 என்று மாற்றி எழுதுங்கள். பிறகு கன்வர்ட் செய்யுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. தனித்தனியாகக் கேட்டால் குரலும் நன்றாக இருக்கும், கீபோர்டும் நன்றாக இருக்கும். சேர்த்தால் புளிக்கும். பாடகி எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை நுண் திருகு கொஞ்சம் தள்ளியிருந்த நிலையில் வைத்துக்கொண்டு பாடியிருப்பார். அவருக்கு ஐந்தரை என்பது அவர் காதுக்குப் பிடித்த ஐந்தரை. கீபோர்டோ ஏ என்ற சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற கணக்கில் அசையாமல் நிற்கும். பதினைந்து இருபது சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வித்தியாசம் போதும், காது கூசும். பலர் இங்கே குரலை இழுக்கிறார்கள். கீபோர்டை இழுங்கள், எண்களால் ஆனதற்கு வலிக்காது. இன்னும் நல்லது, பதிவுக்கு முன்பே சுருதிப் பெட்டியை ட்யூனரில் காட்டிவிடுவது.

இதோடு சேர்ந்து ஒன்று. "குரல் ரோபோ மாதிரி ஆகிவிட்டது" என்று வருபவர்கள் எல்லோரும் பிட்ச் திருத்தும் பிளக்-இன்னை வேகமாக வைத்துவிட்டு வருகிறார்கள். 1997-இல் வந்த ஆட்டோ-டியூன் தொடங்கி அந்த வகைக் கருவிகள் எல்லாம், சுரம் என்பது ஒரு இடத்தில் நிற்கும் என்று நம்புபவை. தோடியின் காந்தாரம் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருப்பதுதான் அது. பிளக்-இன் அந்த ஆட்டத்தைப் பிடித்துப் படிக்கட்டாக்கிவிடும். கமகம் உள்ள இடங்களை விட்டுவிடுங்கள். நீண்டு நிற்கும் சட்ஜம், பஞ்சமம் பிசகினால் அதை மட்டும் கையால் திருத்துங்கள். கமகமே தப்பாக விழுந்திருந்தால், அந்த வரியை இன்னொரு முறை பாடச் சொல்வதற்கு ஏன் இவ்வளவு கூச்சம் என்று எனக்குப் புரிவதில்லை.

மிருதங்கம் இரண்டு மைக்கில் மெலிந்துவிடுகிறது

வலந்தலைக்கு (வலப்பக்கத் தோல்) ஒரு மைக், தொப்பிக்கு (இடப்பக்கத் தோல்) ஒரு மைக். ஒவ்வொன்றாகக் கேட்டால் கும்மென்று இருக்கிறது. இரண்டையும் திறந்தால் யாரோ அட்டைப்பெட்டியைத் தட்டுகிறார்கள். மாணவர்கள் உடனே ஈக்யூவைத் திறந்து 80 ஹெர்ட்ஸை ஏற்றத் தொடங்குவார்கள். இல்லாத ஒன்றை எவ்வளவு ஏற்றினாலும் வராது.

நடப்பது இதுதான். வலந்தலையில் அடி விழும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது, வலப்பக்க மைக்கை விட்டு விலகுகிறது. உள்ளே இருக்கும் காற்று தள்ளி, மறுபக்கத் தோல் வெளியே வருகிறது, இடப்பக்க மைக்கை நோக்கி. ஆக ஒரே அடியை ஒரு மைக் பள்ளமாகவும் இன்னொன்று மேடாகவும் எழுதுகிறது. இரண்டையும் கூட்டினால் கீழ்ச் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு ட்ராக்கில் மட்டும் போலாரிட்டிப் பொத்தானை அழுத்துங்கள். சைபருக்குக் குறுக்கே கோடு போட்ட குறி இருக்கும். தொப்பியின் கும்கியை (வளைந்து வரும் ஆழமான ஒலி) கேட்டுக்கொண்டே அழுத்தி எடுத்து, அழுத்தி எடுத்துப் பாருங்கள். எதில் வயிறு அதிர்கிறதோ அதுதான் சரி. திரையில் அலையைப் பெரிதாக்கி ஒப்பிடலாம்தான், நானும் செய்வேன், ஆனால் முடிவைக் காதிடம் விடுங்கள்.

அதற்கப்புறமும் நடுப்பகுதி குழிவாக இருந்தால் தூரக் கணக்கு. ஒரு மைக்கைவிட இன்னொன்று 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் சத்தம் ஒரு மில்லி நொடி பிந்தி வரும். அந்த வித்தியாசத்தில் 500 ஹெர்ட்ஸ் அடிபடும், பிறகு 1,500, பிறகு 2,500, சீப்பின் பல் மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வயலின் மைக்குக்குள் மிருதங்கம் நுழைவதும் இதே தொல்லையைத்தான் தரும். ஒவ்வொரு மைக்கும் தன் கருவியிலிருந்து இருக்கும் தூரத்தைப் போல மூன்று மடங்கு தூரம் இரண்டு மைக்குக்கும் நடுவே இருக்கட்டும். அறை சிறியது, மூன்று மடங்குக்கு இடமில்லை என்றால் மைக்கைக் கருவிக்கு நெருக்குங்கள். ரொம்ப நெருக்கினால் கார்டியாய்டு மைக்கில் (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும் வகை) கீழ்ச் சத்தம் தானாக வீங்கும். தொப்பி வண்டிச் சக்கரம் மாதிரி உருளும். நான் ஒரு சாண், ஒன்றரைச் சாணில் தொடங்குவேன். வாசிப்பவர் கை வீச்சைப் பார்த்துவிட்டு வையுங்கள். தனி ஆவர்த்தனத்தில் மைக்கில் கை இடித்தால் அவர் உங்களை மன்னிக்க மாட்டார்.

சத்தம் உடைகிறது

ஃபேடரை இறக்கினாலும் உடைசல் அப்படியே இருந்தால் அது ப்ரீஆம்பிலோ கன்வர்ட்டரிலோ, அதாவது பதியும் இடத்திலேயே உடைந்தது. டிஜிட்டலில் பூஜ்யத்துக்கு மேல் இடம் கிடையாது. அலையின் தலை வெட்டப்பட்டால் வெட்டப்பட்டதுதான். இந்தக் கோளாறுக்குப் பின்னால் ஒரு பழைய பயம் இருக்கிறது, குறைந்த சத்தத்தில் பதிந்தால் இரைச்சல் கேட்கும் என்று. 16 பிட் காலத்தில் அதில் நியாயம் உண்டு. 24 பிட்டில் சராசரி மைனஸ் 18 டெசிபலில் இருக்கட்டும், உச்சம் மைனஸ் 8, 10-ஐத் தாண்ட வேண்டாம். ஒத்திகையில் பாடுவதைவிட டேக்கில் எல்லோரும் உரக்கப் பாடுவார்கள், அதற்கும் சேர்த்து இடம் விடுங்கள்.

கெயினைக் குறைத்தும் உடைந்தால் மைக்கே தாங்கவில்லை. மைக்கில் பேட் சுவிட்ச் (சத்தத்தைக் குறைத்து அனுப்புவது) இருந்தால் போடுங்கள். நாகஸ்வரம், தவில் எடுக்கும்போது கன்டென்ஸரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட ஒரு டைனமிக் மைக்கை எடுப்பது புத்திசாலித்தனம். நாகஸ்வரத்தின் அணசுக்கு (கீழே விரியும் வாய்) நேர் எதிரே வைக்காதீர்கள். சத்தம் விரல் துளைகளிலிருந்தும்தான் வருகிறது. ஒரு மீட்டர் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைத்தால் கருவி முழுதாகக் கிடைக்கும்.

குரலில் காற்று, கூச்சல், குளியலறை

"ப" வரும்போதெல்லாம் குண்டு வெடித்தால் பாப் ஃபில்டர் வைத்து, வாயை மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, மைக்கை உதட்டுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். "ஸ" காதைக் கீறினால், டீ-எஸ்ஸரைத் தேடுவதற்கு முன் மைக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

குளியலறை எதிரொலி அறையின் குணம், அதைப் பிளக்-இன்னால் எடுக்க முடியாது. முட்டை அட்டையை ஒட்டினால் சரியாகும் என்பது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அது மேல் சத்தத்தைக் கொஞ்சம் சிதறடிக்கும், கீழ்ச் சத்தத்துக்கு அது இருப்பதே தெரியாது, தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீட்டர், அதைப் பிடிக்க மூலைகளில் கெட்டியான ராக்வூல் வேண்டும். வீட்டில் எடுப்பதாக இருந்தால் துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதற்கு முதுகு காட்டிப் பாடச் சொல்லுங்கள். மைக் பார்ப்பது பாடுபவரையும் அவருக்குப் பின்னால் இருப்பதையும்தான், அந்தப் பின்னணி மெத்தென்று இருக்க வேண்டும்.

கிளிக் பாட்டுக்குள் கேட்கிறது

கிளிக் என்பது தாளம் பிடிக்க ஹெட்போனில் ஓடவிடும் டக்டக் சத்தம். அது கசிந்து மைக்குக்குள் போகிறது. மூடிய வகை ஹெட்போன் கொடுங்கள், ஒரு காதைத் திறந்து வைக்கும் பழக்கமுள்ளவருக்குத் திறந்த பக்கத்து சத்தத்தை அணைத்துவிடுங்கள். பாட்டு சத்தம் தணிந்து முடியும் இடத்தில் கிளிக்கையும் இறக்குங்கள். சுருதிப் பெட்டியும் ஹெட்போனுக்குள்ளேயே போகட்டும். மைக் முன்னால் போனில் தம்புரா ஆப்பை ஓடவிட்டால், அப்புறம் ஒரு வரியையும் வெட்டி நகர்த்த முடியாது, தம்புரா துள்ளும்.

கிளிக்கோடு பாடவே வரவில்லை என்றால் தாளம் சரியாக அமைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். மென்பொருள் திறந்தவுடன் நாலுக்கு நாலு என்று நிற்கும். மிஸ்ர சாபுவை அதில் பாடினால் அழுத்தம் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் வேறு இடத்தில் விழும். ஏழுக்கு எட்டு என்று மாற்றி, மூன்றும் நாலுமாக அழுத்தத்தைப் பிரியுங்கள். எடுப்பு சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) இல்லாத பாட்டுக்கு ஒரு ஆவர்த்தனம் கூடுதலாகக் கிளிக் விட்டால் பாடுபவர் பதறமாட்டார்.

இங்கே நன்றாக இருந்தது, போனில் காணோம்

பேஸ் கிட்டார் மறைந்துபோனால்: போன் ஸ்பீக்கர் 60 ஹெர்ட்ஸை வாசிக்காது. ஏற்றிப் பயனில்லை. அந்தச் சுரத்தின் 120, 180, 240 தெரியும்படி கொஞ்சம் சாச்சுரேஷன் (மடங்குகளைச் சேர்க்கும் மெல்லிய உடைசல்) கொடுங்கள். அடிச்சுரம் இல்லாவிட்டாலும் மடங்குகளை வைத்துக் காது அதைக் கட்டிக்கொள்ளும். குரலோ கீபோர்டோ மறைந்தால் மாஸ்டரை மோனோவாக்கிக் கேளுங்கள். அகலப்படுத்தும் பிளக்-இன் இடத்தையும் வலத்தையும் ஒன்றுக்கொன்று எதிராக்கியிருக்கும், மோனோவில் கழிந்துபோயிருக்கும்.

இங்கே பேஸ் குறைவாகக் கேட்டு நீங்கள் ஏற்றி, காரில் போட்டால் கதவு அதிர்ந்தால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடமே ஏமாற்றுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 3.4 மீட்டர் என்றால் 50 ஹெர்ட்ஸ் அறையின் நடுவில் செத்துக் கிடக்கும், சுவரோரம் பொங்கும். நாற்காலியை ஒரு அடி முன்னே பின்னே நகர்த்திக் கேளுங்கள். சத்த அளவும் ஏமாற்றும். உரக்க வைத்தால் பேஸும் மேல் சத்தமும் தூக்கலாகக் கேட்கும், குறைத்தால் அவைதான் முதலில் மறையும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-இலேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். எப்போதும் ஒரே அளவில் கேளுங்கள், அந்த இடத்தில் வால்யூம் திருகில் ஒரு பேனாக் கோடு போடுங்கள்.

வெள்ளைக் கூம்பு வைத்த யமஹா என்.எஸ். 10-ஐப் பல ஸ்டூடியோ படங்களில் பார்த்திருப்பீர்கள். 1978-இல் வந்து 2001-இல் நிறுத்தப்பட்டது. அதில் கேட்க இனிமையாக இருக்கும் என்று யாரும் வைத்துக்கொள்ளவில்லை. நடுப்பகுதியில் இருக்கும் தப்பை மூஞ்சிக்கு நேரே சொல்லும் என்றுதான். உங்களுக்கு அது கிடைக்காவிட்டால் பரவாயில்லை. உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு பாட்டை அதே செஷனில் ஒரு ட்ராக்கில் போட்டு, சத்தத்தைச் சமமாக்கி, மாறி மாறிக் கேளுங்கள்.

"மற்றவர் பாட்டைவிட என் பாட்டில் சத்தம் குறைவாக இருக்கிறது" என்பவர்களுக்கு: ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதன் அளவு) பக்கம் கொண்டுவரும். லிமிட்டரில் நசுக்கி மைனஸ் 7-க்கு ஏற்றினால் அது இறக்கிவிடும், நசுங்கியது மட்டும் மிஞ்சும்.

ஃபைலைக் காணோம்

செஷன் திறக்கிறது, ட்ராக் எல்லாம் காலி. செஷன் ஃபைல் ஒரு பட்டியல்தான், சத்தம் அதில் இல்லை. யாரோ அதை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். முழு ஃபோல்டரையும் எடுங்கள். வெளியிலிருந்து இழுத்துப் போட்ட லூப்களும் அதற்குள் நகலாகியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒரு மோனோ ட்ராக், நிமிடத்துக்கு எட்டரை எம்பிக்குக் கொஞ்சம் மேல். ஐந்து நிமிடப் பாட்டு, இருபத்துநாலு ட்ராக் என்றால் ஒரு ஜிபி. இடம் பார்த்துக்கொண்டு வாருங்கள். ட்ராக்குக்குப் பெயர் வைத்துவிட்டுப் பதியுங்கள். "ஆடியோ 1", "ஆடியோ 1 புதுசு", "ஆடியோ 1 இதுதான்" என்று இருக்கும் ஃபோல்டரில் நான் தேடித்தர மாட்டேன். வெள்ளிக்கிழமை இரவு அறைக் கம்ப்யூட்டரைத் துடைத்துவிடுவார்கள். அதற்கு முன் இரண்டு இடத்தில் நகல் இருக்கட்டும்.

இன்றைக்கு பி அறை எடுப்பவர்களுக்கு: சுவர்ப் பெட்டியில் ஆறாம் எண் இன்னும் சரியாகவில்லை. சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். டேப்பைப் பிய்க்காதீர்கள்.